கண்ணாடி துடைப்பவன்

நாகலூர் போகும் வழியில்
காப்பிக்கொட்டை காயவைத்த பழைய கொட்டகை.
உள்ளே கறுப்புத் துணி கட்டி
பகலை வெளியே நிறுத்தியிருக்கிறாள் ஜெசிந்தா.
நான்கு புரொஜெக்டர். ஒரு ஜெனரேட்டர்.
நூற்றிருபது கண்ணாடி.
கண்ணாடிக்கு நான்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து
இடது வில்லை, வலது வில்லை,
மூக்குத் தண்டில் ஒட்டிய பவுடர்,
காதுக் கொக்கியில் தேங்காயெண்ணெய்.
ஞாயிறென்றால் முந்நூறு மூக்கு.

"யாரு நடிச்சிருக்காங்க?" என்பார்கள் வாசலில்.
"கோடுங்க."
"அப்புறம்?"
"அப்புறம் வட்டமுங்க."
சிரித்தபடி உள்ளே போவார்கள்.
சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு வருவார்கள்.

கோடுகள் சுவரிலிருந்து கழன்று
நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி நிற்குமாம்.
நீல வளையம் ஒன்று
நெற்றியில் நுழைந்து பிடரியில் போகுமாம்.
எல்லாம் கேள்வி.

என் இடக்கண்ணில் பழுதில்லை.
வெளிச்சம் போகிறது, பாவை சுருங்குகிறது.
மூளைதான் அதை வேலைக்கு எடுக்கவில்லை.
ஒன்பது வயதில், சேலம் பெரியாஸ்பத்திரியில்
"மூணு வருஷம் முந்தி வந்திருக்கணும்" என்றார்கள்.
மூன்று வருஷம் முந்தி
ஒன்று குறைகிறதென்று
எனக்கே சொல்லியிருக்கவில்லை என் கண்.

ஜெசிந்தாவிடம் நானும் சொல்லவில்லை.
துடைப்பதற்குக் கை இரண்டு போதும்.

எனக்குத் தெரிவதெல்லாம்
சுண்ணாம்புச் சுவரில் ஊறிப் பரவும் ஈரம்போலச்
சில நிறங்கள்.
பிறகு, கைகள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிறவள்
இரு விரல் குவித்து
இல்லாத கண்ணியில் இல்லாத கண்ணியைக் கோக்கிறாள்.
உருக்காலையில் ஷிப்ட் முடித்து வந்தவர்
தொட்டுவிட்டு
சுட்டதுபோல் இழுத்துக்கொள்கிறார்.
மஞ்சக்குட்டை வெள்ளையன்
எட்டி எதையோ பறித்து
வலக்கையை மூடியவர் மூடியவர்தான்.
கண்ணாடியை
இடது கையால் திருப்பித் தந்து
"தப்பா நினைச்சுக்காதீங்க" என்று போய்விட்டார்.

அவர் கைக்குள் என்ன என்று
இரண்டு ராத்திரி யோசித்தேன்.

கடைசி பஸ்ஸில் இறங்குகிறேன்.
இருபது கொண்டை ஊசி, ஜன்னலோரம்.
கீழே சேலம்,
கொட்டி ஆறாத தணல்.
பஸ் திரும்பத் திரும்ப
பக்கத்து சில்வர் ஓக் ஓடுகிறது,
குரும்பப்பட்டி விளக்கெல்லாம் நடக்கிறது,
ஜங்ஷன் நிற்கிறது.
ஓடுவது கிட்டே. நிற்பது தொலைவு.
நடுவில் அத்தனை பள்ளம்!
வயிறு கூசுகிறது.
எதிரே லாரி வந்து பஸ் நின்றால் போதும்,
ஊர் சப்பென்று மலையில் ஒட்டிக்கொள்ளும்.
கிளம்பினால் மறுபடி உரியும்.

அதை நம்பித்தான் மறுநாள்
ஆள் இல்லாத காட்சியில்
திரைமுன் நின்று இடமும் வலமும் ஆடினேன்.
நிறங்கள் ஆடவில்லை.
வேகமாய் ஆடினேன்.
கால்மாட்டில் ஒயர் தட்டி பஞ்சு டப்பா உருண்டது.

"எந்தக் கண்ணு?" என்றாள் ஜெசிந்தா
பின்னாலிருந்து.

"இடது."

டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.
நான்தான் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன்,
தேவைக்கு அதிகமாக.

அன்றிரவு கடைசி பஸ்ஸில் அவளும் ஏறினாள்.
ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தேன்.
இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
இருபதாவது வளைவு, பத்தொன்பது, பதினெட்டு.
ஒன்றும் பேசவில்லை.
எனக்குத் தலை வலிக்கத் தொடங்கியது,
பொய் சொல்லிவிட்டேனோ என்று.

பதினாறில் டிரைவர் ஒடித்துத் திருப்பியபோது
அவள் வலது கை
தானாக ஜன்னலுக்கு வெளியே நீண்டது,
விரல் விரித்து.

"கைய உள்ள எடும்மா!"
கண்டக்டர் கத்தினார்.